பனி உலரும் முன்

பசுவின் வயிறு இடப்பக்கம் தவில்போல் உப்பியிருந்தது.

பாப்பம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் முனியாண்டி வயிற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து நின்றான்.

அடுத்த வீட்டுக்காரி நான். அழுகை கேட்டு எண்ணெய்ப் புட்டியோடு ஓடினேன்.

ஜெராய் மலையடிவாரத்தில் இரண்டு மாதமாக மழை இல்லை. புல் கருகிவிட்டது. ரப்பர் மரங்களை வெட்டிய மேட்டில் முனியாண்டி விதைத்த தட்டைப்பயறு மட்டும் பனியைக் குடித்துப் பச்சையாக நின்றது. தோட்டத்து லயத்து வீடுகளில் பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு, மாட்டுக்குப் பயறு.

அதை யாரும் குறை சொல்ல முடியாது. தினமும் இரண்டு புட்டிப் பால் ஜப்பான்காரன் பங்களாவுக்குப் போக வேண்டும். போகும்வரை சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் பட்டியலில் முனியாண்டி பெயர் வராது. பால் நின்றால் மறுநாளே அவனை ஏற்ற லாரி வரும்.

போன வருஷம் அவன் பெயர் வரத்தான் செய்தது. மாட்டைக் காட்டி, பெயரை அடித்துவிடச் சொன்னான். அடித்த இடத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என் புருஷன் இருளப்பனின் பெயரை எழுதினார்.

முனியாண்டி என் புருஷனைக் கைகாட்டவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, வயிறு எரியத்தானே செய்கிறது.

பனி ஈரத்தோடு இளம் பயறை மேய்ந்தால் வெறும் வயிறு உப்பிவிடும். அதனால் வெயில் ஏறும்வரை முனியாண்டி மாட்டை அவிழ்க்கவே மாட்டான்.

"நவமணிக்கா, ரெண்டு முடிச்சு போட்டுத்தான்லா கட்டினேன். எப்படி அவுந்துச்சுன்னே தெரியல."

நான் மாட்டின் தாடையைத் தூக்கி, வாயில் மூங்கில் குழாயை வைத்தேன்.

பாப்பம்மா என் கையைப் பிடித்தாள். "வேணாங்க்கா. அண்ணன் வந்தா தலை முழுக வச்சிருக்கிற எண்ணெய்."

லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த புட்டி அது. ஜப்பான் சண்டைக்கு முன்னால் வாங்கிய தேங்காயெண்ணெய். அவர் போன பதினாலு மாதமாக என் தலைக்குக்கூட ஒரு சொட்டு வைத்ததில்லை.

முழுவதையும் ஊற்றினேன்.

மேட்டில் ஏற்றி இறக்கி நடத்தினோம். கடைசியில் மாடு பெரிதாக ஏப்பம் விட்டது. வயிறு மெல்ல வடிந்தது. பாப்பம்மா என் காலில் விழுந்தாள்.

தூக்கி நிறுத்தினேன். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் ஆற்றங்கரையில் என்னிடம் இருளப்பனின் இடுப்பிலிருந்து அறுத்தெடுத்த அரைஞாணைக் கொடுத்துவிட்டுப் போனான். அது என் மடியில் இருந்தது. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

விடியும் நேரத்தில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பாப்பம்மா அழுத பிறகுதான் உறைத்தது. லாரி போன அன்று நான் அழுத அதே அழுகை.

முனியாண்டி முடிச்சை இறுக்கமாகத்தான் போட்டிருந்தான். அவிழ்ப்பதற்குள் எனக்கு இரண்டு நகம் பிய்ந்துவிட்டது.