வெள்ளிக்கிழமை மட்டும்

“புகாரை எழுதுலே வெங்கடேசு. இர்ஷாத் பேரைப் போட்டே எழுது” என்றார் மருதப்பன் அண்ணாச்சி.

சங்கரன்கோவிலில் அண்ணாச்சியின் பூக் கமிஷன் கடைக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் உண்டு. திருவேங்கடம் பக்கத்து மல்லிகைக்காரர்கள் அதில் விலை பார்த்துத்தான் பூவை அனுப்புவார்கள். வெளியூர் வியாபாரிகள் ஆர்டர் போடுவதும் அதில்தான். ஒரு மாதமாக அதை ஓட்டும் சர்வர் நினைத்தால் விழுந்தது, நினைத்தால் எழுந்தது. விழுந்த நேரத்தில் ஆர்டர் வராமல் பூ தேங்கி வாடியது.

சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு மாற்றியவன் வெங்கடேஷ்தான். சோதித்துப் பார்க்காமல் மாற்றவேண்டாம் என்று தடுத்தவன் கூட வேலை பார்த்த இர்ஷாத். அவன் ஒரு பழைய பஞ்சாங்கம் என்று அண்ணாச்சியிடம் போட்டுக்கொடுத்து, வேலையை விட்டே அனுப்பியாயிற்று. அப்புறம் அவனோடு பேசக் கூசி, அவன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டான் வெங்கடேஷ்.

இன்று காலை சர்வரின் பதிவுகளைப் புரட்டியபோதுதான் விஷயம் சிக்கியது. சர்வர் விழுந்த நேரமெல்லாம் இர்ஷாத்தின் பழைய பாஸ்வேர்டில் ஆள் உள்ளே வந்திருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டை நீக்க மறந்தது தன் தப்பு என்பதை மட்டும் வெங்கடேஷ் வாயைத் திறந்து சொல்லவில்லை.

“மத்த நாள்ல ரெண்டு நிமிசத்துல எந்திச்சிருது அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு மணி நேரம் அப்படியே கெடக்கு. நேரம் பாத்து அடிக்கான்.”

“உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நெனச்சுட்டானே. ஆதாரத்தைத் தாள்ல எடுத்து வையி. ஸ்டேஷனுக்குப் போவோம்.”

அண்ணாச்சி சட்டை மாற்ற உள்ளே போனார். வெங்கடேஷ் புகாரை எழுதி முடித்துவிட்டு, பதிவுகளைப் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தான்.

அப்போதுதான் நேரத்தைச் சரியாகக் கவனித்தான். சர்வர் விழுந்தது பத்து பதினாலு. இர்ஷாத் வந்தது பத்து பதினைந்து. அடுத்ததும் அப்படித்தான். எல்லாத் தடவையும் விழுந்த பிறகே வந்திருக்கிறான். வந்து செய்த வேலையும் ஒன்றே ஒன்றுதான். சர்வரைத் திரும்ப ஓடவிட்டுப் போயிருக்கிறான்.

முதல் தடவை வந்த அன்று மட்டும் ஒரு சின்ன ஃபைலை வைத்துவிட்டுப் போயிருந்தான். ‘வெங்கடேஷ் அண்ணனுக்கு’ என்று பேர். ஒரு மாதமாகக் கண்ணில் படாமல் கிடந்ததைத் திறந்தான்.

“அண்ணே, ஒங்களுக்குப் போன் போவ மாட்டேங்கு. அதான் இங்கன எழுதுதேன். சர்வர் விழுந்தா என் போனுக்கு இன்னும் தகவல் வருது. புது வெர்ஷன் ஆளுக்கொரு கனெக்‌ஷன் தெறக்கு, மூட மாட்டேங்கு. கூட்டம் சேந்தா விழுந்துருது. புரோகிராம்ல நாப்பதாவது வரியில மூடச் சொல்லிட்டா சரியாயிரும். நானே மாத்திட்டா மொதலாளி முன்னால ஒங்களுக்கு மரியாதை இருக்காது. அதனால எழுப்பி மட்டும் விடுதேன். பூக்காரங்க பாவம். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருவேன். அந்த ஒரு மணி நேரம் நீங்க பாத்துக்கிடுங்க.”

வெங்கடேஷால் தான் எழுதிய புகாரைத் தானே பார்க்க முடியவில்லை.

அண்ணாச்சி சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். “ஆதாரம் கெடச்சுட்டா?”

“கெடச்சுட்டு அண்ணாச்சி.”

புகாரில் இர்ஷாத்தின் பேரை அடித்துவிட்டு, அதன் மேலே தன் பேரை எழுதி நீட்டினான்.