உட்கார்ந்து செய்த வேலை

கட்டிலில் இடுப்புப் பட்டையோடு தேவநாதன். கால்மாட்டில் அவன் மனைவி அம்சா. பிளாஸ்டிக் நாற்காலியில் திண்டிவனம் கம்பெனியின் சூப்பர்வைசர் சீனுவாசன். கதவு நிலையில் சாய்ந்தபடி குமரேசன்.

குமரேசன் வழி காட்டத்தான் வந்தான். பெருமுக்கல்லில் இந்த வீட்டைக் கண்டுபிடிப்பது வெளியாளுக்குக் கஷ்டம். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சீனுவாசன் வாங்கி வந்த சாத்துக்குடிப் பையை யாரும் தொடவில்லை.

"விழுப்புரம் டாக்டரு என்னா எழுதிக் குடுத்தாரு? முழு ரெஸ்ட்டுன்னுதான?"

"ஆமா சார்" என்றான் தேவநாதன்.

சீனுவாசன் செல்போனை நீட்டினார்.

படத்தில் தேவநாதன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட கடலைச் செடிகளிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தான். மடி நிறையக் காய். படம் எடுத்தவனை நிமிர்ந்து பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தேவநாதன் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு போனை அம்சாவிடம் கொடுத்தான். குமரேசன் பக்கம் திரும்பவில்லை.

திரும்பித் தொலைத்திருக்கலாம்.

பேக்கிங்கில் இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இந்த வருடம் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். தேவநாதன் வேலையில் கெட்டி. அது குமரேசனுக்கும் தெரியும். அவன் யாரோ ஒருவருடைய கொல்லையில் கூலிக்குப் போகிறான் என்று சொல்லிக் குமரேசன்தான் படத்தை எடுத்துச் சீனுவாசனுக்கு அனுப்பினான். அனுப்பும்போது விரல் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அதுதான் இப்போது உறுத்தியது.

"எவ்ளோ கூலி வாங்கின?"

"கூலி இல்ல சார்" என்றாள் அம்சா. "இவரு படுத்துட்டதும் எங்க மல்லாட்டைய ஊரு ஆளுங்கதான் வந்து புடுங்கிக் குடுத்தாங்க. வந்தவங்க கொல்லைக்கு நாங்களும் ஒரு ஆளு திருப்பிப் போவணும். நான் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிட்டேன். இவரு குனியல, தூக்கல. உக்காந்துக்கினு ஆய்ஞ்சாரு, அவ்ளோதான்."

"உக்காந்துக்கினு செஞ்சாலும் வேலதாம்மா. அதுக்குக் கம்பெனிக்கு வந்து உக்காந்துக்கினு லேபிள் ஒட்டியிருக்கலாமே."

அம்சா போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சீனுவாசன் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, யாரு கொல்ல அது? கூலி குடுக்கலன்னு அவங்க ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். வேலைய உட்டு எடுக்காத மாதிரி மேல பேசிப் பாக்குறேன்."

குமரேசன் தொண்டையைச் செருமினான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

தேவநாதன் சுவர்ப் பக்கம் மெல்லப் புரண்டு படுத்தான்.

"வேண்டியவங்க கொல்ல சார். அவங்கள எதுக்கு இதுல இழுத்துக்கினு."

"அப்ப என் கையில ஒண்ணுமில்ல தேவநாதா."

அவர் வெளியே போய் பைக்கைக் கிளப்பினார். குமரேசன் பின்னாலேயே படியிறங்கினான். அம்சா வாசல்வரை வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்க கொல்லதான்னு கடைசிவரைக்கும் அவரு சொல்லல பாத்தீங்களாண்ணே. போங்க."

அவன் செருப்பில் கால் நுழைப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.