விட்லோ எடுத்துக் கொடுத்த தாள்

"உங்க ஆளுங்க வச்சிருக்கிற பக்கம் எதுவும் வேண்டாம்" என்றார் டாக்டர் விட்லோ. "நானே ஒண்ணு தர்றேன்."

தெல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

நியூஜெர்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தின் மாடியறை அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. அச்செழுத்தை ஒலியாக மாற்றும் கருவி ஒன்றை எமில் என்ற பொறியாளன் அங்கே செய்துகொண்டிருந்தான். பேனா போன்ற ஒன்றை வரியின் மேல் நகர்த்தினால் ஒலிபெருக்கி விசிலடிக்கும். எழுத்தின் தலைப்பகுதிக்கு உச்சக் குரல், அடிப்பகுதிக்குக் கட்டைக் குரல்.

மற்றவர்களுக்கு அது வெறும் குருவிக் கூச்சல். ஒன்பது வயதில் பார்வையை இழந்த தெல்மா கெட்டரிங்குக்கு அது ஏ, பி, சி.

காலையில் ஆஸ்பத்திரி இருட்டறையில் எக்ஸ்ரே படம் கழுவுவாள். மதியம் இங்கே வந்துவிடுவாள். அவள் காதை நம்பித்தான் எமில் கருவியைத் திருத்தித் திருத்திச் செய்தான்.

அவளுக்கு வரும் கடிதங்களை வீட்டுக்காரம்மாதான் வாசித்துக் காட்டுவாள். நடுநடுவே தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொள்வாள். தெல்மாவுக்கு அது போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆய்வுக்குப் பணம் தரும் குழு விட்லோவை அனுப்பியிருந்தது. சோதனைக்கு வருகிறவர்கள் பக்கங்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். அதையும் தெல்மாவிடம் சொல்லவில்லை. அவள் அந்த அறையிலேயே இல்லாததுபோல எமிலிடம் சொன்னார்.

தோல்பை திறக்கும் சத்தம் கேட்டது. அவர் எதையும் தேடவில்லை. கைக்கு வந்த தாளை உருவி மேஜையில் வைத்தார்.

எமில் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்தான்.

"எமில், நீ விடுற மூச்சுதான் எனக்குப் பெருசா கேக்குது. தள்ளி நில்லு."

தள்ளி நின்றான்.

விசில் எழுந்தது. தட்டச்சு எழுத்து, புது நாடாவில் அடித்தது. ஒவ்வொன்றும் சுத்தமாக விழுந்தது.

"பார்வையற்றவர்கள்" என்றாள். கொஞ்சம் நகர்த்தினாள். "இந்தக் கருவியைக் கொண்டு... முன்பின் அறியாத பக்கத்தை..."

விட்லோவின் காலணி கிறீச்சிட்டது.

"...வாசிக்க முடியாது."

எமில் கையிலிருந்த எதையோ கீழே போட்டான். தெல்மா பேனாவை அடுத்த வரிக்கு இறக்கினாள்.

"எங்கள் பிரதிநிதி... நேரில் பார்த்ததில்... இது உறுதியானது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் ரயில் ஏறுவதற்கு முன்பே அடித்து முடித்த அறிக்கை இது.

உடனே வேறொன்று உறைத்தது: இது அவள் கைக்கு வரவே கூடாத தாள். பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட யாரும் இல்லாமல், அவளே அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும், மிஸ் கெட்டரிங்" என்று விட்லோவின் குரல் தணிந்து வந்தது. தாளின் ஓரம் இழுபட்டது.

தெல்மா உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்தாள். "இன்னும் ஒரு வரி இருக்கு, டாக்டர்."

இழுத்த கை விலகியது.

அந்த வரிக்கு அவள் அவசரப்படவில்லை. தினமும் பயிற்சிக்கு வாசிக்கிற அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்தாள். ஆகவே, இந்த ஆய்வை இத்துடன் நிறுத்திவிடும்படி ரெக்கமெண்ட் செய்கிறோம்.

ஒரு சொல்லின் மேல் மட்டும் பேனாவை மறுபடி ஓட்டிக் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"'ரெக்கமெண்ட்'டுல ரெண்டு எம் வரணும், டாக்டர். இதுல ஒண்ணுதான் கேக்குது. எப்படியும் திரும்ப டைப் அடிக்க வேண்டியதுதான்."

கீழே தெருவில் ஒரு லாரி போய் முடிந்தது.

டாக்டர் விட்லோ நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எம் எப்படிக் கேட்கும் என்று அவளிடமே கேட்டார்.