ஊசி குத்திய தடம்

என் துப்பாக்கிக் கடைக்கு வந்த அந்தப் பெண், வெடித்துமுடித்த ஒரு பித்தளைத் தோட்டாக்கூட்டை மேசையில் வைத்தாள். இப்போது யாரும் செய்யாத அளவு. அதேபோல் செய்து சுட்டுப் பார்க்க, ஒவ்வொரு தோட்டாவாகப் போடும் ரைபிள் வேண்டுமாம். கூட்டின் அடியில், சுடும்போது துப்பாக்கியின் ஊசி குத்திய தடம் நடுவில் இல்லை. ஓரமாக, பிறைபோல் இருந்தது.

பழைய துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். குழலைத்தான் முதலில் பார்ப்பார்கள். இவள் குழல் பக்கமே போகவில்லை. ஊசி வெளிவரும் துளையில் மெழுகை அப்பி, விசையை இழுத்து, மெழுகில் பதிந்த குறியைக் கூட்டோடு ஒப்பிட்டாள். நான் எடுத்துக் கொடுத்த எல்லா ரைபிளிலும் அதையேதான் செய்தாள்.

“இது எங்க கெடைச்சுது மேடம்?”

“எங்க வீட்டு வாசல்ல. சுட்டவங்க விட்டுட்டுப் போனது. நான் அப்ப தொட்டில்ல இருந்தேனாம்.”

அவள் பார்வை என் தலைக்கு மேலே, சுவரில் மாட்டியிருந்த பழைய ரைபிளுக்குப் போனது. “அது?”

“எங்கப்பாவோடது. விக்கிறதில்ல.”

“வெலைக்குக் கேக்கல சார். ஒரே ஒரு தடவ இழுத்துப் பாத்துட்டுக் குடுத்துடறேன்.”

மறுத்தால் என்ன நினைப்பாளோ என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். துடைப்பதற்குக்கூட அப்பா அதை யார் கையிலும் கொடுத்ததில்லை என்பது, கழற்றிய பிறகுதான் உறைத்தது. கீழே, மெழுகை உருட்டியபடி, அவள் மறு கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.