இடைவேளைக்குப் பிறகு

"சமீபத்துல பார்த்த படத்தைப் பத்திச் சொல்லுங்க, தம்பி" என்றார், நேர்முகத் தேர்வுக் குழுவின் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா.

திரைப்படக் கல்லூரியில் சேர வந்திருந்த மாணவன், போன வாரம் வெளியான படம் ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டு மடை திறந்த மாதிரி கொட்டினான்.

"எல்லாரும் கதை கதைன்னு உருகுறாங்க. எனக்குப் பிடிச்சது அது இல்ல. இடைவேளைக்கு அப்புறம் கதாநாயகிக்கு வாய் மட்டும்தான் அசையுது, குரலே வரல. வெறும் வயலின்! பொண்ணு பேசினா யார் காதுலயும் விழாதுங்கறதை டைரக்டர் எவ்வளவு அழகா காட்டிட்டாரு!"

குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். அம்மா சிரிக்கவில்லை.

"தியேட்டர்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"நாலு பேர் 'சவுண்டு, சவுண்டு'ன்னு கத்தினாங்க. ஒரு பெரியவர் ஆபரேட்டரைப் பார்க்கவே கிளம்பிட்டார். 'ரசிக்கத் தெரியலைன்னா பேசாம உக்காருங்க'ன்னு நான்தான் டோஸ் விட்டு உட்கார வச்சேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் படத்துக்கு வசனம் எழுதினது நான்தான். அவ இடைவேளை வரைக்கும் வாயே திறக்க மாட்டா. அதுக்கப்புறம்தான் மனசுல இருக்கறதையெல்லாம் கடைசி வரைக்கும் அவ ஒருத்தியே பேசுவா. நீங்க பார்த்த தியேட்டர்ல வசனம் வர்ற ஸ்பீக்கர் போயிருக்கு."

மாணவனுக்குக் காது மடல்வரை சூடேறியது.

"சாரி மேடம்..."

"என்கிட்ட எதுக்கு? அவ பேசறதைக் கேக்கணும்னு ஒருத்தர் எழுந்தாரே, அவர்கிட்ட சொல்லுங்க."