பின்பக்க ஸ்பீக்கர்

"ஏன்டா உலகு, தங்கச்சியை இப்படியா ஒதுக்கி வைப்ப?" என்று நண்பன் இளங்கோவன் கேட்டதும் உலகநாதனுக்குச் சுருக்கென்றது.

மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த லேசர் டிஸ்க் பிளேயரைப் பற்றி ஹைதராபாத் மல்காஜ்கிரியே பேசியது. ஹாலில் டி.வி.க்கு இருபுறமும் இரண்டு ஸ்பீக்கர்கள். கூடவே வந்த பின்பக்க ஸ்பீக்கருக்கு அங்கே இடமில்லாமல் உள்ளறையில் வைத்திருந்தான். ஞாயிறுதோறும் நண்பர்கள் ஹாலில் படம் பார்க்க, இளங்கோவன் 'தங்கச்சி' என்றழைக்கும் அவன் மனைவி ராஜம் உள்ளறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, அந்த ஸ்பீக்கர் பக்கத்தில் பாய் விரித்துக் கண்ணை மூடிக்கொள்வாள்.

"அதுல வசனம் வராதுடா. மழை, காத்து, ரயில் சத்தம்தான் வரும்," என்றான் உலகநாதன்.

"அப்புறம் தங்கச்சிக்குக் கதை எப்படிடா புரியும்?"

உலகநாதன் எழுந்து உள்ளே போனான்.

"ராஜம், வயரை மாத்திக் குடுத்துடறேன். இங்கேயும் வசனம் கேக்கும்."

அவள் பதறி எழுந்தாள். "ஐயோ, நக்கோ, வேணாம்! அதுல கை வைக்காதீங்க."

"இதுல ஒரு வார்த்தைகூட உனக்குக் கேக்காதேம்மா?"

"அதுக்காகத்தாங்க இங்க வர்றேன். வாரம் பூரா டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்ச்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஊரார் சண்டையும் அழுகையும் சாவுச் சேதியும் கேக்கறேன். இன்னிக்கு ஒருநாள் மழையை மட்டும் கேட்டுக்கறேனே."

உலகநாதன் வெளியே வந்து கதவை முழுதாகச் சாத்தினான்.