ஈறுக்குள் வந்த ஏட்டையா

ஒரு வாயில் முப்பத்திரண்டு பற்கள் குடியிருந்தன. அதில் கடைவாய்ப் பல்லின் ஈறுக்குள் ஒரு கிருமி யாரையும் கேட்காமல் நுழைந்துவிட்டது. பல் போட்ட கூச்சலில், உடம்புக்குக் காவல் பார்க்கும் வெள்ளையணு லத்தியோடு வந்து இறங்கினார்.

கிருமிதான் முதலில் ஓடிப்போய்க் கும்பிட்டது. "வாங்க ஏட்டையா. உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். கிருமி இந்த ஈறுச் சுவருக்குப் பின்னாலதான் ஒளிஞ்சிருக்கு."

வெள்ளையணு ஓங்கி ஒரு போடு போட்டார். சுவர் பெயர்ந்தது. விழுந்த துண்டைக் கிருமி எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

"யோவ், உம்ம பக்கத்துல நிக்கிறவன்தான்யா கிருமி" என்று அலறியது பல்.

"இந்தத் தம்பியா? வந்ததிலிருந்து கூடவே நின்னு ஒத்தாசை பண்றான். நீ நின்ன இடத்தைவிட்டு அசைஞ்சியா?"

"நான் பல்லுய்யா. அசைஞ்சா செத்தேன்."

"அந்தப் பக்கமும் ஒரு அடி ஐயா" என்றது கிருமி, மென்றுகொண்டே. அடி விழ விழ அது கொழுத்தது. பல் ஆடத் தொடங்கியது.

"பயப்படாதே. கிருமியைப் பிடிக்காம நான் போகமாட்டேன்" என்றார் வெள்ளையணு.

"அதுதான்யா பயமா இருக்கு."

மறுநாள் முறுக்கு கடிக்கும்போது பல் கழன்று வெளியே விழுந்தது.

"பாத்தீங்களா ஐயா, தப்பிச்சு ஓடுது. அதுதான் கிருமி" என்றது கிருமி.

வெள்ளையணு லத்தியோடு அடுத்த பல்லின் பக்கம் திரும்பினார். "உனக்கும் அவனுக்கும் எத்தனை வருஷப் பழக்கம்?"